பதினெட்டு நொடி

பசுமலை, மதுரை
மே 5, திங்கட்கிழமை

தம்பி பாண்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். படிக்காமல் அழித்துவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

நீ என்னோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. பதினெட்டாம்படி கருப்பு முன்னால் சூடத்தை அணைத்து, "எங்கக்காகிட்ட இனி வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று நீ சத்தியம் செய்தபோது நானும் கீழே நின்றுகொண்டிருந்தேன். அதனால்தான் போன் செய்யவில்லை. எழுதுவது அந்தச் சத்தியத்தில் சேராது என்று நானாக முடிவு செய்துகொண்டு மெயிலில் எழுதுகிறேன்.

சித்தப்பா மகன் அழகுபாண்டியை வெள்ளிக்கிழமை பெரியார் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நீ மாலத்தீவில் ஒரு விடுதியில் வேலை பார்ப்பதாகச் சொன்னான். எந்தத் தீவு என்று கேட்டேன். பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தத் தீவுக்கூட்டத்துக்கு அடுத்த ஏழு நாள் வானிலையும் அலையும் எழுதுவது நான்தான். சென்னைக் கம்பெனி, வேலை வீட்டிலிருந்தே. கடலே இல்லாத ஊரில் மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து கடலுக்கு ஜாதகம் எழுதுகிறேன் என்று நீயே முன்பு கிண்டல் செய்வாய்.

இந்த வாரம் உங்களுக்கு வெள்ளி வரை ஒன்றுமில்லை. வெயில், லேசான காற்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் தெற்கிலிருந்து பெரிய அலை வருகிறது. ஒன்பது அடி. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் பதினெட்டு நொடி. அதற்குப் பின்னால் இன்னொன்று வருகிறது, திங்கட்கிழமை, பௌர்ணமி நீரேற்றத்தோடு சேர்ந்து. அதன் அளவு இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இதையெல்லாம் அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன், உங்கள் விடுதியில் ஒட்டியிருப்பார்கள். சனிக்கிழமை நீ தண்ணீரில் இறங்காதே. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அப்பாவைப் பற்றி ஒரு பத்தி எழுதி அழித்துவிட்டேன்.

சத்யா அக்கா


மே 6, செவ்வாய்

அக்காவுக்கு,

அழிக்கல. ஆபீஸ் ரூம்ல வேலைக்காரங்களுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. சாயங்காலம் ஒரு மணி நேரம் எங்களுக்கு. அதுல உக்காந்துதான் எழுதுறேன்.

நீதான் எழுதுறன்னு இங்க வந்த மறுநாளே எனக்குத் தெரியும். போர்டுல ஒட்டுற தாளுக்கு அடியில எஸ்.வி.ன்னு இருக்கும். சத்யப்ரியா விருமாண்டி. இத யார் எழுதுறான்னு மேனேஜர்கிட்ட கேட்டேன், மதுரையில ஒரு பொண்ணுன்னாரு. எட்டு மாசமா உன் தாளப் பாத்துட்டுத்தான் வேலைக்கி எறங்குறேன். உங்கூட பேச்சு இல்ல, ஆனா நீ வெயிலுன்னா வெயிலு, காத்துன்னா காத்து. எங்கூட வேல பாக்குற காளைகிட்ட மட்டும் எங்கக்காதான் இதுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அவன் உசிலம்பட்டிக்காரன். அன்னைலருந்து தீவு பூரா தமுக்கடிச்சிட்டான்.

எனக்கு இங்க தோணி இஞ்சின் வேல. தோணின்னுதான் இங்கயும் சொல்றாங்க. அலங்காநல்லூர்ல பம்புசெட்டுக்குப் பாத்த அதே டீசல் இஞ்சின்தான், அது கெணத்தடியில நிக்கும், இது கடல்ல ஓடும். கரைலருந்து அரை மைல்ல பவளத்திட்டு இருக்கு. அலை அங்கதான் ஒடையும். வெள்ளக்காரங்களக் கூட்டிக்கிட்டுப் போயி விட்டா, பலகையில ஏறிச் சறுக்குவாங்க.

ஆனா நீ எழுதுன கணக்கு எனக்குப் புரியல. போர்டுல இருக்கிறத அப்படியே எழுதுறேன்: "சனிக்கிழமை: தெளிவான வானம், மிதமான அலை, நாலு அடி. புதிதாகப் பழகுவோருக்கும் ஏற்றது." அடியில எஸ்.வி. ஒம்போது அடின்னு ஒண்ணுமே இல்ல. சனிக்கிழமை பத்துப் பேரக் கூட்டிட்டுப் போகணும்னு எழுதிப் போட்டுட்டாங்க.

எதுதான் உன் எழுத்து?

தங்கப்பாண்டி


பசுமலை, மே 7, புதன்

பாண்டி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நான் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது அடி. "யாரும் கடலில் இறங்கக் கூடாது" என்றுதான் இருக்கிறது. பிறகு உங்கள் விடுதிக்குப் போன தாளைக் கேட்டு வாங்கினேன். நீ சொன்னது சரி. நாலு அடி.

எங்கள் மேலாளர் அழகுராஜாவைக் கூப்பிட்டேன். அவர் சற்றும் பதறவில்லை. "ஆமாம்மா, கொஞ்சம் மென்மையாக்கி அனுப்பினேன்" என்றார். போன வருடம் மார்ச்சில் நான் எச்சரித்து, அலை அவ்வளவாக வராமல் போனதாம். விடுதியில் பாதி அறை காலியாகிவிட்டதாம். அதிலிருந்து நான் எழுதுவதில் கைவைக்கிறார்கள். கீழே என் பெயரை மட்டும் மாற்றவில்லை.

அனுப்பிய பிறகு அங்கே என்ன ஒட்டுகிறார்கள் என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. அது என் தப்பு. எட்டு மாதமாக நீ வாசித்ததில் எது என்னுடையது, எது அவருடையது என்று எனக்கே தெரியாது.

திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றார். உங்கள் மேனேஜருக்கும் நேராக எழுதினேன். "கம்பெனி அனுப்பும் தாளைத்தான் நாங்கள் பின்பற்றுவோம்" என்று ஒரே வரியில் பதில்.

நீ நான் சொல்வதைக் கேள். அந்தத் தாளை அல்ல.

அக்கா


மே 8, வியாழன்

அக்கா,

கோவிச்சுக்காத. வெளிப்படையாவே எழுதிடுறேன். நீ எச்சரிச்சு ஒண்ணுமே நடக்கலங்கிறது எனக்குப் புதுசா?

மூணு வருசத்துக்கு முன்னாடி ஐப்பசியில எனக்கும் செல்லக்கிளிக்கும் பரிசம் போட நாள் குறிச்சாச்சு. வெத்தலபாக்கு, சீல, தேங்காத் தட்டு அம்புட்டும் வாங்கி வச்சாச்சு. மூணு நாளைக்கி முன்னாடி நீ வந்து நின்ன. "அன்னைக்கிப் பேய் மழ பெய்யும், ஓடையில தண்ணி ஏறும், ஒரு வண்டி போகமுடியாது, தள்ளி வைங்க"ன்னு சொன்ன. படிச்சவ, மழைக்கே படிச்சவ, உன் பேச்ச யாரு தட்டுவா? தள்ளி வச்சோம். அன்னைக்கி என்னாச்சு? சுள்ளுன்னு வெயிலு. நான் வாசல்ல நின்னு வானத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு சொட்டு இல்ல.

பரிசத்த நிறுத்துனா பொண்ணு வீட்டுக்கு எம்புட்டு அவமானம்! "வாக்குக் குடுத்துட்டு மழையச் சாக்கு சொல்றீங்களா"ன்னு அவுக அப்பா கேட்டாரு. நாப்பதாம் நாளு திருமங்கலத்துல அவளக் கட்டிக்குடுத்துட்டாங்க.

உன்னைய நம்புனேன். உன் படிப்ப நம்புனேன். அதான் அம்புட்டுக் கோவம். இப்ப வந்து ஒம்போது அடிங்கிற. இங்க கடலப் பாத்தா வண்டியூர் தெப்பக்கொளம் மாதிரி கெடக்கு. வானத்துல ஒரு மேகம் இல்ல. போர்டு சொல்றதும் கண்ணு காட்டுறதும் ஒண்ணா இருக்கு. நீ மட்டும் வேற சொல்ற.

தங்கப்பாண்டி


பசுமலை, மே 8, வியாழன்

பாண்டி,

இப்போதுதான் வாசித்தேன். அந்த மழையைப் பற்றி இப்போது எழுத என்னால் முடியவில்லை. கடலை மட்டும் எழுதுகிறேன்.

வானத்தைப் பார்க்காதே. நாம் வானத்தைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள், நமக்கு மேகம் வந்தால்தான் பயம் வரும். இது அப்படி வராது. திங்கட்கிழமை அழகர் ஆற்றில் இறங்குகிறார் அல்லவா? இப்போது வைகையில் மணல்தான் கிடக்கிறது. மதுரையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் தண்ணீர் வரும். மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். அது வந்து சேர நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஆற்றுக்குள் நிற்பவன் வானத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வான்?

உங்களுக்குத் தெற்கே, பனி உறைந்த கடலுக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமையே ஒரு புயல் அடித்து ஓய்ந்துவிட்டது. அது கிளப்பிய அலை ஐந்து நாளாக வந்துகொண்டிருக்கிறது. கேரளத்து மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். காற்றில்லாமல், சத்தமில்லாமல் வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன். கரையில் நின்று எண்ணு. ஒரு அலை உடைந்ததிலிருந்து அடுத்தது உடையும் வரை. சாதாரண நாளில் எட்டு, ஒன்பது நொடி வரும். புதிய அலை வரும்போது முதலில் வருவது சின்னதாகத்தான் இருக்கும், காலை நனைத்துவிட்டுப் போகும். ஆனால் இடைவெளி நீண்டுவிடும். இடைவெளி கூடக் கூடப் பின்னால் வருவது பெரிது. இதை மறக்காதே.

அழகுராஜா தாளை இன்னும் திருத்தவில்லை. மூன்று முறை கேட்டுவிட்டேன். நீ என்னை நம்ப வேண்டாம், எண்ணிப் பார்.

அக்கா


மே 9, வெள்ளி

அக்கா,

இன்னைக்கி மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கம்ப்யூட்டர்ல உக்காரக் கேட்டு வாங்கியிருக்கேன்.

காலையில எண்ணுனேன். ஒம்போது, எட்டு, ஒம்போது. நான் கரையில நின்னு வாய்விட்டு எண்ணுறதப் பாத்து காளை சிரிக்கிறான். "என்ன மாப்ள, கடலுக்கு ஒண்ணாப்பு பாடம் நடத்துறியா"ங்கிறான். நீ எழுதுனதச் சொன்னேன். "போர்டுல உங்கக்கா கையெழுத்து இருக்கேடா, அப்பறம் என்ன"ங்கிறான். மாத்திட்டாங்கன்னு சொன்னா நம்பமாட்டேங்கிறான். அக்கா எழுதுறான்னு எட்டு மாசமாப் பெருமை அடிச்சவன் நான்தான, இப்ப வேற மாதிரி சொன்னா எவன் கேப்பான்?

ஒண்ணு சொல்லணும். இந்தத் தீவு என் இடுப்பு உசரம்தான். மெய்யாலுமே அவ்வளவுதான். ஒரு மேடு இல்ல, பசுமலை மாதிரி ஒரு கரடு இல்ல. மாடி வச்ச கட்டடம் ஒண்ணே ஒண்ணு. இதுவரைக்கும் அது எனக்கு உறுத்தல. நேத்து உன் கடுதாசியப் படிச்சதுலருந்து நடக்கிறப்பல்லாம் காலுக்குக் கீழயே பாக்குறேன்.

மேனேஜர்கிட்டக் கேட்டுப் பாத்தேன். போகமாட்டேன்னு சொன்னா ஊருக்கு டிக்கெட் போட்டுருவேன்னாரு. நாளைக்கி ஒம்போதரைக்கி தோணி. பத்துப் பேரு, அதுல ரெண்டு சின்னப்பிள்ளைங்க.

ஒரு தடவ உன் பேச்சக் கேட்டு என் வாழ்க்க போச்சு. இந்தத் தடவையும் வெயிலடிச்சா நான் என்ன செய்யட்டும்? நீ சொல்லு. எதை வச்சு நான் உன்னைய நம்புறது?

தங்கப்பாண்டி


பசுமலை, மே 9, வெள்ளி, மாலை ஐந்து மணி

பாண்டி,

இன்று சாயங்காலம் நீ கம்ப்யூட்டரில் உட்காரும்போது இது அங்கே இருக்க வேண்டும். அதனால் நீட்டவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மூன்று வருடமாக அதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஐப்பசியில் மழை வரும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. வெயில் என்றுதான் இருந்தது. நான் பொய் சொன்னேன்.

அப்பாதான் கேட்டார். ஊருக்கு முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார், ஆனால் அந்தச் சம்பந்தத்தில் அவருக்கு மனசில்லை. "நான் நிறுத்துனா என் பேரு கெட்டுப்போகும். நீ மழையச் சொல்லு, ஒத்தி வைப்போம். அவுகளே கோவிச்சுக்கிட்டுப் போயிருவாக" என்றார். முடியாது என்றேன். துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். விருமாண்டி அழுது நீ பார்த்திருக்கிறாயா? நான் அன்றுதான் பார்த்தேன். மறுநாள் வந்து நின்று சொன்னேன். நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. "அக்கா சொன்னாச் சரி" என்று தட்டில் இருந்த தேங்காயை எடுத்து உள்ளே வைத்தாய். அந்தத் தேங்காய்தான் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு நீ, "எங்கக்காவுக்கு வானத்தப் படிக்கத் தெரியல" என்று ஊரெல்லாம் சொன்னாய். கேட்டுக்கொண்டே இருந்தேன். படிக்கத் தெரியாதவள் என்ற பேர், பொய்க்காரி என்ற பேரைவிட எனக்குச் சுலபமாக இருந்தது.

இதை இன்று சொன்னால் நீ எனக்கு இல்லாமல் போய்விடுவாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன். என் கணக்கு அன்று தவறவில்லை தம்பி. நான்தான் தவறினேன். நாளைக்கு வருவது என் கணக்கு. பத்து மணிக்கு மேல் ஒருவரும் பவளத்திட்டுக்குப் போகக் கூடாது. நீ என்னை வெறுத்துக்கொள். கரையில் இருந்து வெறுத்துக்கொள்.

சத்யா


பசுமலை, மே 10, சனி, மதியம் 12.40

பாண்டி,

படித்தாயா? ஒரு எழுத்து போடு. போதும்.

கருவி காட்டும் அலை பன்னிரண்டு அடியைத் தாண்டிவிட்டது. நான் சொன்னதைவிடக் கூட. விடுதி எண்ணுக்கு அடிக்கிறேன், மணியே போகவில்லை. உன் எண்ணில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய்.

அழகுராஜா இப்போதுதான் கூப்பிட்டு, திருத்திய தாளை அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

சத்யா


மே 11, ஞாயிறு, பகல் மூணு மணி

அக்கா,

உசுரோட இருக்கேன். ஆபீஸ் ரூம் போயிருச்சு. மாடிக் கட்டடத்துல அறுபத்தி மூணு பேரு உக்காந்திருக்கோம். நேத்து பூரா சிக்னல் இல்ல, இப்பத்தான் ஒரு கோடு எட்டிப் பாக்குது. ஒரு வெள்ளக்காரம்மா போன்ல எழுதுறேன். அந்த ரெண்டு சின்னப்பிள்ளைங்க இந்தம்மா பெத்ததுதான்.

வெள்ளிக்கெழம உன் கடுதாசியப் படிச்சேன். படிச்சிட்டுக் கரையில போயி நின்னு, நெசமாவே வரட்டும், எல்லாத்தையும் வழிச்சிக்கிட்டுப் போகட்டும்னு நெனச்சேன். அப்பா மேல வந்த கோவத்தவிட உன் மேலதான் கோவம். அந்தாளுக்குப் பேரு பெருசு. உனக்கு நான் பெருசுன்னு நெனச்சிருந்தேன்.

அப்பறம் தோணிச்சு. பொய் சொல்றவ அதச் சொல்லித் தன்னையக் கெடுத்துக்கமாட்டா. என்னையக் கரையில நிப்பாட்டத்தான் என்னையவே தொலைக்கத் துணிஞ்சிருக்க. சனிக்கெழம விடிஞ்சதும் போயி இஞ்சின்லருந்து டீசல் பீச்சுற ரெண்டு நாசிலக் கழட்டிப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். தோணி கெளம்பல. மேனேஜர் கத்துனாரு. ரிப்பேருன்னேன், பாக்கவே அரை நாளாகும்னேன். வேலைய விட்டுத் தூக்கிட்டேன்னாரு. சரின்னேன்.

ஒம்போதே முக்காலுக்கு எண்ணுனேன். பதினெட்டு. திரும்ப எண்ணுனேன். பதினெட்டு. முட்டிக்குக் கீழதான் அலை, வெயிலுல பளபளன்னு வருது. அப்பத்தான் காளை சின்னப் போட்ட எடுத்துக்கிட்டுப் போறதப் பாத்தேன். திட்டுல கட்டியிருந்த மெதவக் கயிறு அந்துபோச்சுன்னு மேனேஜர் அவன அனுப்பிட்டாரு. கரையோரமா ஓடி ஓடிக் கத்துனேன். அவன் திரும்பி, போர்டு இருக்கிற பக்கம் கையக் காட்டிச் சிரிச்சான். உன் பேரு இருக்குல்லங்கிற மாதிரி.

பத்தேகாலுக்கு வந்துச்சு. மொதல்ல தூரத்துல ஒரு கோடு. நாலாவது அலையிலயே படகுத்துறை இல்ல. தீவுக்கு இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் எறங்கிப் போச்சு தண்ணி. வானம் அப்பவும் நீலமாத்தான் இருந்துச்சு அக்கா. அதுதான் என்னால தாங்கமுடியல.

காளை இன்னும் வரல. அவன் செருப்பு மட்டும் இந்த மாடிச் சமையக்கட்டு ஓரமாக் கெடக்கு, நேத்து அங்க விட்டுட்டுப் போனது. அவுக ஆத்தாவுக்கு என்ன சொல்றது? இதுல உனக்கும் பங்கிருக்கு, எனக்கும் பங்கிருக்கு. உன் பேர நம்பு நம்புன்னு அவன்கிட்டச் சொன்னவன் நான்.

தலைநகரு மாலேலருந்து கப்பல் நாளைக்கி ராத்திரிதான் வருமாம். நாளைக்கி பௌர்ணமி. ரெண்டாவது ஒண்ணு வருதுன்னு நீ திங்கட்கெழமையே எழுதியிருந்த, அளவு பிடிபடலன்னு. மேனேஜர் இப்ப எம் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. கண்ணெல்லாம் செவந்து போயிருக்கு. "உங்கக்காகிட்டக் கேளு"ங்கிறாரு.

கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி கடல் சுத்தமா அடங்கிருச்சு. எல்லாரும் முடிஞ்சிருச்சுன்னு மூச்சு விட்டாங்க. நான் மட்டும் ஜன்னல்கிட்ட நின்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். சின்னச் சின்ன அலைதான், படியத் தொட்டுட்டுப் போகுது. ஆனா இருபத்தி ரெண்டு வருது அக்கா. அஞ்சு தடவ எண்ணிட்டேன். இருபத்தி ரெண்டு. அந்தப் பிள்ளைங்களும் எங்கூடச் சேந்து எண்ணுதுக.

இந்த போன் நம்பர அடியில போட்டுருக்கேன். கூப்பிடு. கருப்புக்குப் பண்ணுன சத்தியம் சத்தியம்தான், நான் வாயத் தொறக்கமாட்டேன். எடுத்துக் காதுல வச்சுக்குவேன். நீ பேசு. தண்ணி எம்புட்டு உசரம் வரும், எத்தன மணிக்கி வரும், இந்த மாடி தாங்குமா, இல்ல கூரை மேல ஏறணுமான்னு சொல்லு.

அப்பாவுக்காகக் கூட்டிச் சொன்ன. கம்பெனிக்காரன் கொறச்சுச் சொன்னான். இப்ப எனக்கு உள்ளது உள்ளபடி சொல்லு.

பாண்டி